அரை ஸ்கேல் விக்டோரியன் பொம்மை வீடு: முதல்ல வெளிச்சம், அப்புறம்தான் சோபா

வணக்கங்க, கிருஷ்ணகிரியில இருந்து பேசறேன். மேசை மேல இருக்கிறது 3 எம்எம் எம்டிஎஃப்ல, அதாவது மரநார அழுத்திச் செஞ்ச பலகையில, வெட்டின வெறும் வீட்டுக் கூடு. இன்னைக்கு இதோட கீழ்த்தள வரவேற்பறைய முடிக்கப் போறோம். லைட், சுவர், கணப்பு (குளிர் காய சுவர்ல வைக்கிற ஃபயர்ப்ளேஸ்), சாமான். இதே வரிசையிலதான் போகணும். சோபாவ வெச்சு அழகு பாத்துட்டு அப்புறம் வயர் இழுக்க ஆரம்பிச்சா, ஒட்டின சுவர்த்தாள் அத்தனையும் கிழியும்.

முதல்ல அளவு. பொம்மை வீட்டுல பரவலா இருக்கிறது 1:12, அடிக்கு ஒரு இன்ச். அரை ஸ்கேல்ங்கிறது அதுல பாதி, 1:24, அடிக்கு அரை இன்ச். ஆசாரிங்க நூல் கணக்கு தெரிஞ்சா இது ரொம்ப சுலபம். இன்ச்சுக்கு எட்டு நூல், அப்போ ஒரு அடிக்கு நாலு நூல். நிஜத்துல 3 இன்ச், இங்க ஒரு நூல். நாற்காலி உக்கார்ற உயரம் 18 இன்ச், அது 6 நூல். சாப்பாட்டு மேசை 30 இன்ச், 10 நூல். சுவர் அடியில ஓடற ஸ்கர்ட்டிங் 9 இன்ச் உயரம்னா 3 நூல். பத்தடி கூரை அஞ்சு இன்ச். கால்குலேட்டரே வேண்டாம்.

இப்போ வெளிச்சம். இங்கிலாந்து ராணி விக்டோரியா ஆண்டது 1837ல இருந்து 1901 வரைக்கும். அந்த கிட்டத்தட்ட 64 வருஷத்துல மெழுகுவர்த்தி, எண்ணெய் விளக்கு, மண்ணெண்ணெய் விளக்கு, கேஸ், கடைசியில கரண்ட், எல்லாம் வந்து போயிருக்கு. அதனால உங்க வீடு எந்த வருஷம்னு முடிவு பண்ணாம லைட் வாங்காதீங்க. நான் எடுத்துக்கிறது 1880. அந்த வருஷம் கரண்ட் பல்பு எரிஞ்ச வீடு ரொம்ப அபூர்வம், இங்கிலாந்துல நார்தம்பர்லாந்து பக்கம் கிராக்சைடு மாளிகை மாதிரி ஒண்ணு ரெண்டுதான். டவுன் வீட்டு வரவேற்பறையில நடுவுல ஒரு கேஸ் சரவிளக்கு, மேசையில ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, கணப்புல நெருப்பு. அவ்வளவுதான். நம்ம ஊர் பெட்ரோமாக்ஸ் லைட்டுல கட்டற மேன்டில் இருக்கு பாருங்க, அதுக்கு ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் காப்புரிமை வாங்கினதே 1885லதான். அதுக்கு முன்னாடி கேஸ் விளக்குன்னா திறந்த மஞ்சள் சுடர். சுடர்னா மேல பாத்துதான் எரியும். கடையில விக்கிற குட்டி சரவிளக்குல முக்காவாசி கீழ பாத்த மாதிரி இருக்கும், அது கரண்ட் வந்ததுக்கு அப்புறம் வந்த வடிவம். 1880 வீட்டுல அத மாட்டினா தப்பு.

அதனால நாமளே செய்யலாம். ஃபேன்சி ஸ்டோர்ல நகை கோக்க விக்கிற பித்தளை மணித்தொப்பி, 6 எம்எம், நாலு. ஜிமிக்கியில கவுந்து இருக்கும், இங்க மல்லாத்தி வைக்கணும். நடுத்தண்டுக்கு மெடிக்கல்ல கிடைக்கிற 18 கேஜ் ஊசி, ஒன்றரை இன்ச் நீளம், புதுசு. ஒன்றரை இன்ச்னா நிஜத்துல மூணடி. பத்தடி கூரையில இருந்து மூணடி இறங்கினா ஏழடியில விளக்கு நிக்கும், ஆள் தலைக்கு மேல. ஊசி முனைய முதல்ல அரைச்சு எடுத்துடுங்க.

தொப்பிக்கு ஒரு எல்இடி, 0603 சைஸ், வார்ம் ஒயிட், வயர் பத்த வெச்சதாவே ஆன்லைன்ல வருது. 1.6க்கு 0.8 எம்எம். 24 மடங்கு பெருக்கிப் பாருங்க, 38க்கு 19 எம்எம், கிட்டத்தட்ட ஒரு கேஸ் சுடர் அளவு. சீரியல் செட்டுல வர்ற 3 எம்எம் பல்ப வெச்சா அது 7 சென்டிமீட்டர் ஆயிடும், எலுமிச்சம்பழம் தொங்கற மாதிரி தெரியும்.

வயர் நீளம் பத்தலைன்னா ஃபேன் காயில் கட்டற கடையில 36 கேஜ் எனாமல் வயர் கேளுங்க. 0.2 எம்எம்கிட்டத்தான் வரும். நாலு எல்இடியோட மைனஸையும் ஒண்ணா சேத்துட்டா மொத்தம் அஞ்சு வயர், 18 கேஜ் ஊசிக்குள்ள தாராளமா போகும். இங்கதான் நிறைய பேருக்கு கெட்டுப் போகுது. வெட்டின ஊசி விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், வயர இழுக்கும்போது எனாமல சொரண்டிடும், வயர் ஊசியில ஷார்ட் ஆகும். ரெண்டு விளிம்பையும் குண்டூசியால உள்பக்கமா தேய்ச்சு, நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வெச்சு காய விடுங்க. வயர் கோத்ததும் மல்டிமீட்டர கன்டினியூட்டியில (இணைப்பு இருந்தா பீப் அடிக்கிற மோடு) வெச்சு, ஒவ்வொரு வயருக்கும் ஊசிக்கும் நடுவுல பாருங்க. பீப் சத்தம் வந்தா அந்த வயர மாத்திடுங்க. பத்த வைக்கிற முனையில 400 நம்பர் உப்புத்தாளால எனாமல எடுத்தே ஆகணும், இல்லன்னா ஈயம் மேல உருண்டு நிக்கும், உள்ள ஒட்டாது.

கரண்ட் 12 வோல்ட் டிசி அடாப்டர், 1 ஆம்பியர். ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர், 2.2 கே (2200 ஓம்), கால் வாட். எல்இடி 3 வோல்ட் எடுத்துக்கும், மீதி 9 வோல்ட் ரெசிஸ்டர்ல விழும், 4 மில்லி ஆம்பியர் ஓடும். மேசை விளக்குக்கு 4.7 கே போடுங்க, 2 மில்லி ஆம்பியர்கிட்ட வரும், போதும். நாலுக்கும் சேத்து ஒரே ரெசிஸ்டர் போட்டா ஒண்ணு பளிச்சுன்னும் ஒண்ணு மங்கலாவும் எரியும், ஏன்னா ஒவ்வொரு எல்இடியும் கேக்கற வோல்ட் கொஞ்சம் கொஞ்சம் மாறும். ரெசிஸ்டர் இல்லாம நேரா 12 வோல்ட் குடுத்தா அந்த நொடியே போயிடும். வீட்டுக்குள்ள எந்த ஜாயிண்டும் வேண்டாம். எல்லாத்தையும் பின்சுவருக்கு வெளிய கொண்டு வந்து, பேப்பர் டேப்புல பேர் எழுதி ஒட்டிடுங்க.

வார்ம் ஒயிட்னு சொன்னாலும் சுடர் நிறத்துக்கு அது இன்னும் வெள்ளைதான். கண்ணாடி பெயிண்ட் மஞ்சள்ல ஒரு துளி ஆரஞ்சு கலந்து, பல்குச்சி முனையால எல்இடி மேல தொட்டு வைங்க. இதோ, இது பூசினது, பக்கத்துல பூசாதது. இப்போ மூலையெல்லாம் இருட்டா தெரியுது இல்லீங்களா, அப்படியே விடுங்க. நாலு கேஸ் சுடர் இருந்த அறையில மூலை இருட்டாத்தான் இருந்திருக்கும். மூலைய பிரகாசமாக்க எக்ஸ்ட்ரா லைட் வெச்சா அது இன்னைக்கு ஷோரூம் ஆயிடும்.

கூரை வயர் மேல்மாடி தரையில 2 எம்எம் அகலத்துக்கு வெட்டின பள்ளத்துல ஓடும். மேல்மாடி தரைப்பலகைய நேரா ஒட்டாம, 300 ஜிஎஸ்எம் அட்டையில ஐஸ் குச்சிய ஒட்டி, அட்டையோட எடுக்கிற மாதிரி வைங்க. விளக்கு கெட்டா தூக்கிட்டு சரி பண்ணலாம்.

சுவர்த்தாள் ஒட்டறதுக்கு முன்னாடி லைட்ட மூணு மணி நேரம் எரிய விட்டுடுங்க. தாள் டிசைன ஜெராக்ஸ் கடையில கலர் லேசர்ல எடுக்கணும். இங்க்ஜெட் எடுத்தா பசை ஈரத்துல சாயம் ஓடும். லேசர்ல வேற தொல்லை, மூலையில மடிக்கும்போது டோனர் வெடிச்சு வெள்ளைக் கோடு தெரியும், கலர் பென்சிலால தொட்டு மறைச்சுடலாம். மைதா பசை வேண்டாம். துத்தம் கலந்தா பூச்சி வராது, உண்மைதான், ஆனா அது விஷம், குழந்தைங்க தொடற வீடு இது. கலக்காம விட்டா ராமபாணப் பூச்சி வரும். ஃபெவிகால்ல கொஞ்சம் தண்ணி கலந்து, தாள்ல தடவாம சுவர்ல தடவி, நடுவுல இருந்து ஓரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கார்டால இழுத்து ஒட்டுங்க. சுவருக்கு அதுக்கு முன்னாடியே ஒரு கை பிரைமர் அடிச்சிருக்கணும், இல்லன்னா எம்டிஎஃப் தண்ணிய உறிஞ்சி தாள் குமிழ் குமிழா எழும்பும்.

நிறத்துக்கு பயப்படாதீங்க. 1856ல இங்கிலாந்து வேதியியலாளர் பெர்கின் கண்டுபிடிச்ச மாவ்ங்கிற ஊதாச் சாயத்துக்கு அப்புறம் செயற்கைச் சாயங்க வரிசையா வந்துச்சு. அவங்க வீட்டுல அடர்த்தியான ஊதா, சிவப்பு, பச்சை எல்லாம் உண்டு. அந்தப் பச்சையில சிலது ஆர்சனிக் கலந்தது, நமக்கு பிரிண்டர் பச்சை போதும். அடர்த்தியான சுவர் வெளிச்சத்த குடிக்கும், அதனால தாள் துண்ட அறைக்குள்ள நிறுத்தி, லைட் போட்டு பாத்துட்டு ரெசிஸ்டர 2.2 கே-ல இருந்து 1.5 கே-வுக்கு இறக்கணுமான்னு முடிவு பண்ணுங்க.

கணப்பு. கிருஷ்ணகிரியில இருந்துட்டு கிரானைட் கிடைக்காதான்னு கேப்பீங்க. துண்டு எங்க வேணாலும் கிடைக்கும், ஆனா வைக்காதீங்க. கல்லுல 5 எம்எம் புள்ளி இருந்தா இந்த வீட்டுல அது 12 சென்டிமீட்டர் திட்டு. அந்தக் காலத்துலயே நிறைய வீட்டுல ஸ்லேட் கல்லுக்கு பளிங்கு மாதிரி பெயிண்ட் அடிச்சுத்தான் வெச்சாங்க. நாமளும் 2 எம்எம் அட்டைய வெட்டி, கருப்பு அடிச்சு, கோழி இறகு நுனியால வெள்ளைக் கோடு இழுத்தா சரியா வரும். உள்ள தானா மினுங்கற 3 எம்எம் மஞ்சள் எல்இடி ஒண்ணு, 1 கே ரெசிஸ்டரோட. பல்பு கண்ணுல படக்கூடாது, அதுக்கு மேல கொட்டாங்குச்சி கரிய நொறுக்கி ஒட்டிடுங்க.

சாமானுக்கு ஒரே எதிரி தடிமன். 3 எம்எம் பலகையில மேசை செஞ்சா நிஜத்துல 7 சென்டிமீட்டர் பலகை. 1 எம்எம்முக்கு மேல போகாதீங்க. தேக்கு துண்டு வேண்டாம், ரேகை பெருசா தெரியும், ஐஸ் குச்சியே மேல். ஸ்டெயின் அடிச்சு காய வெச்சுட்டு அப்புறம் ஒட்டணும், ஃபெவிகால் பட்ட இடத்துல ஸ்டெயின் ஏறாது. சோபாவுக்கு வெல்வெட் ரொம்ப மொத்தம், சாயம் போட்ட மெல்லிசு காட்டன் போதும்.

திரைச்சீலை மல் துணி. இந்த அளவுல துணி தன் எடையில தொங்காது, விறைச்சு நிக்கும். தெர்மாகோல்ல பாலித்தீன் விரிச்சு, துணிய தண்ணி கலந்த ஃபெவிகால்ல நனைச்சு, ஒவ்வொரு நூல் அளவுக்கும் ஒரு மடிப்பு வெச்சு குண்டூசி குத்தி, ராத்திரி முழுக்க விடுங்க. ஜன்னல் அக்ரிலிக் பக்கத்துல சூப்பர் க்ளூ மட்டும் எடுக்காதீங்க, அதோட ஆவி பட்டு வெள்ளைப் படலம் படியும்.

மேசை விளக்கு வயர் மேசைக்கால் வழியா தரைக்குள்ள போகறதால அந்த மேசைய மட்டும் ஒட்டலாம். மத்ததுக்கு தேன்மெழுகு மிளகு அளவு, ஒவ்வொரு காலுக்கும். தூசி தட்டும்போது எடுத்துக்கலாம். படிக்கட்டும் மேல்மாடி படுக்கையறையும் அடுத்த வீடியோல வரும்ங்க.