மண்ணைக் கேட்காமல் வைத்த கால்கோள்

(ஃப்ரீமாண்ட் நகரில் தமிழ் அன்பர்கள் கூடிய மாலைக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களுக்கும், பிள்ளைகளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களுக்கும், கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நான் மண் பரிசோதனைப் பொறியாளன். எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்று சொல்வது என் பிழைப்பு. இன்று உங்களிடம் பேச எடுத்துக்கொண்டது ஒரு விளையாட்டரங்கத்தின் கதை. ஃப்ரீமாண்டில் வீடு வாங்கி இருபது வருடமாகத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் நமக்கும் அந்தக் கதைக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். அந்த அரங்கத்தின் அடியில் ஓடும் ஹேவர்ட் நிலப்பிளவுதான், அதாவது இரண்டு பக்க நிலமும் எதிரெதிராக நகரும் பூமி வெடிப்புதான், நம் ஊர் வழியாகவும் ஓடுகிறது. நம்முடைய பார்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் டியூல் குளம் இருக்கிறதே, அதை யாரும் வெட்டவில்லை. ஹேவர்ட் பிளவின் இரண்டு பக்கமும் நகர்ந்து நகர்ந்து, நடுவில் நிலம் தாழ்ந்து உண்டான குளம் அது.

அரங்கம் இருப்பது பெர்க்லியில், கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தின் கிழக்கு ஓரத்தில். அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து என்றால் என்னவென்று ஊரிலிருந்து புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாம் அறிந்த கால்பந்து அல்ல இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். சொந்த மைதானத்தில் ஒரு கல்லூரி ஆடுவது வருடத்துக்கு ஆறு, ஏழு ஆட்டம்தான். அந்த ஆறு, ஏழு நாளுக்காக எழுபதாயிரம், லட்சம் பேர் உட்காரும் அரங்கங்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் அமரலாம். கோயில் கொடியேற்றத்துக்கு வெளியூர்களிலிருந்து பிள்ளைகள் வந்து சேர்வார்களே, அப்படித்தான் பழைய மாணவர்கள் அன்றைக்கு வந்து சேர்கிறார்கள்.

அதனால்தான் அரங்கம் வளாகத்துக்கு அருகிலேயே இருக்கவேண்டும் என்று அவர்கள் துடிக்கிறார்கள். அந்தத் துடிப்பு நியாயமானது. மினசோட்டா பல்கலைக்கழகம் தன் பழைய அரங்கைக் கைவிட்டு, 1982இல் மினியாபொலிஸ் நகர மையத்தில் இருந்த கூரை மூடிய அரங்குக்குப் போனது. மாணவர்கள் நடந்துபோகும் தூரத்திலிருந்து ஆட்டம் விலகிப் போயிற்று. இருபத்தேழு வருடம் கழித்து, 2009இல், வளாகத்துக்குள்ளேயே புதிய அரங்கம் கட்டித் திரும்பிவந்தார்கள். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் இதே அனுபவம். 1968இல் ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் கட்டிய அரங்கை விட்டுவிட்டு 2017இல் வளாகத்துக்குள் வந்தார்கள். அப்போது செடி ஆராய்ச்சித் தோட்டம் ஒன்றை இடம் பெயர்க்க வேண்டியிருந்தது.

ஆகவே 1921இல் பெர்க்லிக்காரர்கள் அருகில் இடம் தேடியதைக் குறை சொல்ல மாட்டேன். அருகிலே என்பதை மட்டும் கேட்டார்கள், அடியிலே என்னவென்று கேட்கவில்லை. அதுதான் என் வருத்தம்.

அன்றைய நிலையை நினைத்துப் பாருங்கள். முதல் உலகப் போர் முடிந்து மூன்று வருடம். போரில் இறந்த கலிபோர்னியர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப வேண்டும். ஆண்டி ஸ்மித் என்ற பயிற்சியாளரின் கீழ் பெர்க்லி அணி தோல்வியே காணாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. வளாகத்துக்குள் இருந்த பழைய மரக்கட்டை அரங்கம் கூட்டம் தாங்கவில்லை. போட்டிப் பல்கலைக்கழகமான ஸ்டான்ஃபோர்டோ, தன் பரந்த பண்ணை நிலத்தில் சில மாதங்களிலேயே மண்ணைக் குவித்து 1921 நவம்பரில் அரங்கைத் திறந்துவிட்டது. பெர்க்லியில் ரோஷம் வராமல் இருக்குமா? பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. அந்தக் காலத்துப் பத்து லட்சம்! இதே பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைய 1990களில் நம்மவர்கள் நிதி திரட்டினார்களே, அப்போது ஓடியாடியவர்களுக்கு அந்த ஆவேசம் எப்படிப்பட்டது என்று தெரியும்.

பணம் வந்தாயிற்று. இடம்? வளாகத்தின் தென்மேற்கே, ஊர்ப் பக்கத்தில் கட்டலாம் என்று ஒரு யோசனை இருந்தது. அங்கே கட்டுவதானால் வீட்டு மனைகளை விலைகொடுத்து வாங்க வேண்டும். கிழக்கே ஸ்ட்ராபெரி பள்ளத்தாக்கு பல்கலைக்கழகத்தின் சொந்த நிலம். ஓடை பாயும், மரங்கள் அடர்ந்த, அழகான இடம். மலைச்சரிவே படிக்கட்டு மாதிரி இருப்பதால் கிண்ணம் போல அரங்கைக் குடைந்துவிடலாம். இயற்கை அழகு கெட்டுப்போகும் என்று எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் குரல் எடுபடவில்லை. மலை மண்ணின்மேல் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து இறக்கினார்கள். தங்கச் சுரங்கக்காரர்கள் கையாண்ட முறை அது. ஓடையைக் குழாய்க்குள் அடைத்துப் பூமிக்கடியில் அனுப்பினார்கள். ஜான் கேலன் ஹோவர்டு என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில், ரோமாபுரி வட்டரங்கம் போல, 1923 நவம்பர் 24 அன்று ஸ்டான்ஃபோர்டுக்கு எதிரான ஆட்டத்தோடு அரங்கம் திறக்கப்பட்டது.

அந்த ஓடையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். கிழக்கே குன்றிலிருந்து மேற்கே கடலை நோக்கி இறங்கும் ஓடை நேராகத்தானே போகவேண்டும்? ஸ்ட்ராபெரி ஓடை அப்படிப் போகவில்லை. அரங்கம் இருக்கும் இடத்தில் அது சட்டென்று வடக்கே திரும்பி, முந்நூறு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் போய், பிறகு மறுபடி மேற்கே இறங்கியது. காரணம் எளிது. பிளவின் மேற்குப் பக்கத்து நிலம் பல ஆயிரம் ஆண்டுகளாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஓடையின் கீழ்ப் பாதியையும் அது கூடவே இழுத்துக்கொண்டு போய்விட்டது. எழுத்துத் தெரிந்தவன் பலகையைப் படிப்பது போல மண் தெரிந்தவன் அந்த வளைவைப் படித்துவிடுவான். அந்த வளைவின் மேல்தான் அரங்கத்தைக் கட்டினார்கள். பிளவு ஒரு கோலிலிருந்து எதிர்க் கோல் வரை ஆடுகளத்தின் ஊடே நீளவாக்கில் போகிறது.

அன்றைக்கு யாருக்கும் தெரியாது என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். 1868 அக்டோபர் 21 அன்று இதே ஹேவர்ட் பிளவு உடைந்து சுமார் முப்பது பேர் இறந்தார்கள். 1906 வரும்வரை, சான்ஃபிரான்சிஸ்கோவின் மாபெரும் நிலநடுக்கம் என்று மக்கள் சொன்னது அதைத்தான். 1906 நிலநடுக்கத்தை ஆராய்ந்த மாநிலக் குழுவின் தலைவர் ஆண்ட்ரூ லாசன். 1908இல் வந்த அந்த அறிக்கை 1868ஐப் பற்றியும் பேசியது. இந்த லாசன் எங்கே பேராசிரியர் தெரியுமா? பெர்க்லியில்! அரங்கத்துக்கு இடம் தேடியபோது, நாட்டிலேயே பிளவுகளை நன்கு அறிந்த மனிதர் கூப்பிடு தூரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

என் மகள் அங்கே படித்தபோது, புதுப்பிப்பதற்கு முந்தைய அந்த அரங்கில் ஓர் ஆட்டம் பார்க்க அழைத்துப்போனாள். அவள் ஆட்டத்தைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். தெற்கே, மேல் வரிசையில், ஒரே சுவராக இருந்திருக்க வேண்டியது இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி மற்றதைவிட ஒரு சாணுக்கு மேல் முன்தள்ளி நின்றது. இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே சிமென்ட் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நிலநடுக்கத்தில் விரிந்ததல்ல அது. எந்த அதிர்வும் இல்லாமல், வருடத்துக்கு ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் வீதம், நிலம் நத்தை போல ஊர்ந்து பிரித்தது. என் பின்னால் உட்கார்ந்திருந்த குடும்பம் அந்த இடுக்கின் மேல் போர்வையைப் போட்டுவிட்டுச் சோளப்பொரி தின்றுகொண்டிருந்தது. மகள் என் கையைப் பிடித்து, "அப்பா, ஒரு நாளாவது வேலையை மறந்துவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள்" என்றாள். என்னால் முடியவில்லை. என் மனம் அந்தப் போர்வையை விட்டு நகரவில்லை.

பிளவு மட்டுமா? அரங்கம் திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, 1923 செப்டம்பர் 17இல், குன்றிலிருந்து இறங்கிய காட்டுத்தீ வளாகத்துக்கு வடக்கே ஏறத்தாழ 600 கட்டடங்களைச் சாம்பலாக்கியது. அரங்கத்துக்கு மேலே இருக்கும் பனோரமிக் குன்றுக்குக் குறுகலான ஒரு சாலைதான் வழி. ஆட்டம் முடிந்து அறுபதாயிரம் பேர் அந்தப் பள்ளத்தாக்கின் வாயிலிருந்து வெளியேறுவதைப் பார்த்தவர்களுக்கு, அந்த நேரம் பூமி அசைந்தால் தீயணைப்பு வண்டி எந்தப் பக்கம் வரும் என்ற கேள்வி எழாமல் இருக்காது.

பிறகு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். 1971 சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்துக்குப் பின், 1972இல் கலிபோர்னியா ஒரு சட்டம் போட்டது. உயிருள்ள பிளவின் மேல் மனிதர் புழங்கும் புதுக் கட்டடம் கூடாது. பழையதைப் புதுப்பித்தாலும் அதன் மதிப்பில் பாதிக்கு மேல் செலவழிக்கக்கூடாது. பல்கலைக்கழகம் அரங்கின் மேற்குப் பக்கத்தில் விளையாட்டு வீரர்களுக்குப் பயிற்சிக் கூடம் கட்ட முனைந்தது. அங்கே ஓக் மரத்தோப்பு இருந்தது. 2006 டிசம்பரில் சிலர் அந்த மரங்களில் ஏறி உட்கார்ந்தார்கள். வழக்குப் போட்டவர்களில் பெர்க்லி நகராட்சியும் உண்டு. மரத்தின் மேலேயே தூங்கி, கயிற்றில் சாப்பாடு ஏற்றி, 21 மாதம் இருந்தார்கள். பல்கலைக்கழகம் வழக்கில் வென்றது. 2008 செப்டம்பரில் மரங்கள் விழுந்தன. மரமேறியவர்களைக் கேலி செய்து எழுதியவர்கள் அதிகம். எனக்கு அவர்கள்மேல் மதிப்பு உண்டு. எண்பத்தைந்து வருடமாக யாரும் உரக்கக் கேட்காத கேள்வியை, ஏன் இந்த இடம் என்ற கேள்வியை, நாடே கேட்கும்படி செய்தவர்கள் அவர்கள்.

2010 முதல் 2012 வரை அரங்கை உள்ளே பிரித்துக் கட்டினார்கள். என் துறைக்காரர்களின் வேலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பிளவு குறுக்கிடும் இரண்டு இடங்களிலும் அரங்கத்தைத் துண்டாக அறுத்துவிட்டார்கள். அந்தத் துண்டுகள் மணலும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்ட படுகையின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கின்றன. கீழே நிலம் ஆறு அடி வரை நகர்ந்தாலும் அவை தெப்பம் போல அசைந்து கொடுக்கும். பக்கத்துப் பகுதிகளை இடித்துத் தள்ளாது. பூமியோடு மல்லுக்கு நிற்காமல் அதற்கு வழிவிட்ட அறிவு அது. ஆனால் அதற்குச் செலவு 32 கோடியே 10 லட்சம் டாலர். பயிற்சிக் கூடத்தையும் சேர்த்தால் 44 கோடிக்கு மேல் கடன். நீண்ட கால இருக்கை உரிமைகளை விற்று அடைத்துவிடலாம் என்று போட்ட கணக்கு பொய்த்தது. கடனின் பெரும் பங்கைப் பின்னர் பல்கலைக்கழக நிர்வாகமே சுமக்க வேண்டிவந்தது. தவணைகள் இந்த நூற்றாண்டைத் தாண்டியும் நீள்கின்றன. 1921இல் வீட்டு மனை வாங்காமல் மிச்சம் பிடித்த பணத்தை இன்னும் பிறக்காத பிள்ளைகள் கட்டப்போகிறார்கள்.

இடித்துவிட்டு வேறு இடத்துக்குப் போயிருக்கலாமே என்று நண்பர்கள் என்னிடம் வாதாடுவதுண்டு. நான் ஒப்புக்கொள்வதில்லை. 1921இல் அங்கே போனது தவறு. 2010இல் அங்கேயே இருந்து சரிசெய்தது சரி. போரில் மாண்டவர்களின் பெயரால் எழுந்த இடம் அது. மூன்று தலைமுறை அங்கே கைகோத்து நின்று பாடியிருக்கிறது. பக்கத்தில் வேறு காலி நிலமும் இல்லை. நிலத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒரே ஒரு முறைதான் கிடைக்கிறது. அதன் பிறகு அந்த இடத்தின்மேல் மனிதர்களின் அன்பு படிந்துவிடுகிறது, எடுக்க முடிவதில்லை.

பிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகம் தன் வளாகத்தருகே அரங்கம் கட்டப் போட்ட திட்டத்தைச் சுற்றியிருந்த குடியிருப்புகளின் மக்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள், எதிர்த்தார்கள். 2018இல் பல்கலைக்கழகம் கூட்டிய விளக்கக் கூட்டத்தை எதிர்ப்புக் குரல்கள் நடத்தவிடவில்லை. அங்கே மண்ணுக்கடியில் பிளவு இல்லை. மண்ணுக்கு மேலே, பல தலைமுறையாக வாழும் வீடுகள் இருந்தன. இடம் தேடுகிற குழுவில் உட்காரும் வாய்ப்பு இங்கே படிக்கும் பிள்ளைகளில் யாருக்காவது ஒருநாள் வரலாம். அப்போது வரைபடத்தை விரிப்பதற்கு முன்பே மண் தெரிந்தவரையும் அக்கம்பக்கத்து வீட்டாரையும் மேசைக்கு அழையுங்கள். கட்டடக் கலைஞர் கடைசியில் வந்தால் போதும்.

கடைசியாக நம் ஊருக்கு வருகிறேன். டியூல் குளத்தின் அருகே ஆராய்ச்சியாளர்கள் அகழி வெட்டி, படிந்திருந்த வண்டல் அடுக்குகளை எண்ணினார்கள். கடந்த 1,900 ஆண்டுகளில் பன்னிரண்டு பெரிய நிலநடுக்கங்களின் தடம் அங்கே இருக்கிறது. சராசரி இடைவெளி ஏறத்தாழ 150, 160 ஆண்டு. 1868இலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆட்டத்தன்று நான் பெர்க்லிக்குப் போகிறேன். நம் நிலையத்திலிருந்து பார்ட் ஏறி பெர்க்லி நகர மையத்தில் இறங்கினால், வளாகத்தின் குறுக்கே நடந்தே போய்விடலாம். அரங்கின் தென்புறச் சுவரில், மேலிருந்து கீழ்வரை பொறியாளர்கள் வேண்டுமென்றே விட்டுவைத்த இடைவெளியைக் காட்டுகிறேன். வருகிறவர்கள் வெளியே வாசலருகே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். நன்றி, வணக்கம்.