பத்திரத்தில் பெயர் இல்லாத குடித்தனங்கள்

வணக்கம் நேயர்களே.

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் பிறந்த வீட்டை ஸ்டோர் வீடு என்பார்கள். தெருவிலிருந்து பார்த்தால் ஒரு வாசல், ஒரு திண்ணை, அவ்வளவுதான். உள்ளே நீளமாக ஒரு நடை போகும், இரண்டு பக்கமும் பத்துக்குப் பத்து அறைகள், 11 குடித்தனம், நடுவில் முற்றம், முற்றத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழாய், பின்கட்டில் இரண்டு கக்கூஸ். தேக்குக் கட்டைகளை அடுக்கி அதன்மேல் செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, ஐப்பசி மழைக்கு நான்கு இடத்தில் ஒழுகும், நான்கு இடத்திலும் பாத்திரம் வைப்போம். அந்த வாழ்க்கையை நான் அழகாக்கிச் சொல்ல மாட்டேன். விடியற்காலையில் கக்கூஸுக்கு வரிசையில் நின்ற என் அம்மாவையும் அக்காக்களையும் பார்த்து வளர்ந்தவன், அதை யாராவது பாரம்பரியம் என்று புகழ்ந்தால் எனக்குக் கோபம் வரும்.

அந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் கீழே கார் நிறுத்தம், மேலே மூன்று மாடி, லிஃப்ட், வாசலில் கேமரா.

நான் சிவில் டிப்ளமோ படித்தவன். 30 வருடமாக ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் வீடுகளுக்கு பிளான் போட்டு அனுமதி வாங்கிக் கொடுப்பதுதான் பிழைப்பு. இடிகிற வீட்டை அளப்பதும் நான், எழும்புகிற வீட்டை வரைவதும் நான். நடுவில் கையெழுத்தாகிற காகிதங்களும் என் மேசை வழியாகத்தான் போகின்றன. அதனால் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரியும்: வடசென்னையில் கட்டடம் உயர உயர, அதே மனையில் குடியிருக்கும் குடும்பங்களின் எண்ணிக்கை குறைகிறது. கேட்பதற்கு முரணாக இருக்கும், கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு கிரவுண்டு மனை என்றால் 2,400 சதுர அடி. மாடி வீடு என்று சொல்லக்கூடிய உயரம் குறைந்த கட்டடத்துக்கு இப்போதுள்ள விதிப்படி எஃப்எஸ்ஐ 2, அதாவது மனையைப் போல் இரண்டு மடங்கு தளப் பரப்பு கட்டலாம். 4,800 சதுர அடி. அதை ஆளுக்கு 800 சதுர அடியாகப் பிரித்தால் ஆறு வீடு. பில்டரும் மனைக்காரரும் ஜாயின்ட் வெஞ்சர் போடுகிறார்கள், பாதிக்குப் பாதி, அவருக்கு மூன்று இவருக்கு மூன்று. முன்பு அங்கே எத்தனை குடித்தனம்? என் வீட்டை எடுத்துக்கொண்டால் 11. உள்ளே வருகிறது ஆறு குடும்பம், வெளியே போனது பதினொன்று. அந்தப் பதினொன்றில் ஒருவர்கூட அந்த ஆறில் இல்லை. இப்படி ஒரு தெருவில் பத்து மனை மாறினால் தெருவே மாறிவிடுகிறது, கதவு எண் மட்டும்தான் பழசு.

இது ஏன் இப்போது இவ்வளவு வேகமாக நடக்கிறது என்று கேட்டால், இடத்துக்கு மதிப்பு வந்துவிட்டது. 1996 வடசென்னைக்கு மோசமான வருடம். பெரம்பூரில் பக்கிங்ஹாம் கர்னாடிக் மில், நாங்கள் சொல்வது பின்னி மில், மூடப்பட்டது. அதே வருடம்தான் கொத்தவால்சாவடி காய்கறி மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனது. 1918இல் நாட்டின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வாடியாவும் திரு.வி.க.வும் சேர்ந்து வளர்த்தது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான், இன்று அந்த மில் நிலத்தில் உயர உயரமாக அடுக்குமாடிகள் நிற்கின்றன. மில் போன பிறகு ரொம்ப வருடம் இந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டருக்கு மெட்ரோ ரயில் வந்தது. வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2023இல் 1,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டு, 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கும்போது 4,181 கோடியானது, பிறகு 6,000 கோடியையும் தாண்டியது. இதெல்லாம் எங்களுக்கு வரவேண்டியவைதான், ரொம்பத் தாமதமாக வந்தவை. ஆனால் ரயில் வந்ததும் வாடகை ஏறியது, வாடகை ஏறியதும், அந்த ரயிலுக்காக வருடக்கணக்கில் தோண்டிய ரோட்டில் தூசி குடித்தவர்கள் அதில் ஏறி வேலைக்குப் போவதற்கு முன்பே வீட்டைக் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது.

காலி செய்கிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது? பெரும்பாலும் அவர்கள் போட்ட பணம் மட்டும். எங்கள் பக்கம் லீசு என்று ஒரு பழக்கம், மாதா மாதம் வாடகை கிடையாது, மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு இருக்கலாம், போகும்போது அதே தொகை திரும்பி வரும். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர், எட்டு வருடத்துக்கு முன்பு 2 லட்சம் கொடுத்து லீசுக்கு வந்தார். வீட்டை இடிக்கப் போகிறோம் என்றதும் அந்த 2 லட்சம் வந்தது, ஒரு ரூபாய் குறையவில்லை. மனைக்காரர் நியாயமாகத்தான் நடந்தார். ஆனால் இன்று அந்தப் பேட்டையில் 2 லட்சத்துக்கு யார் லீசுக்கு விடுகிறார்கள்? அக்கா மீஞ்சூருக்குப் போனார். காசிமேட்டில் ஏலம் விடிவதற்கு வெகு நேரம் முன்பே தொடங்கிவிடும், நல்ல மீன் அப்போதே போய்விடும், அந்த நேரத்துக்கு மீஞ்சூரிலிருந்து கூடையோடு எதில் வருவது? ஷேர் ஆட்டோவுக்கு நான்கு பேர் சேர்ந்து பணம் போட்டுக் கொஞ்ச நாள் வந்தார்கள். லாபம் வண்டிக்கே போனது. இப்போது அவர் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை செய்கிறார். வீடு மாறியது என்று நாம் சொல்கிறோம், அவருக்குத் தொழிலே போய்விட்டது.

வடசென்னையில் வீடும் தொழிலும் ஒட்டிக்கொண்டவை. துறைமுகம், மீன், தங்கசாலைப் பக்கத்து மொத்த வியாபாரம், லாரி ஷெட், இஸ்திரி, இதில் எதற்கும் ஒன்பது மணி ஐந்து மணி கணக்கு கிடையாது, நடந்துபோகிற தூரத்தில் வீடு இருந்தால்தான் நடக்கும். முன்பு குடிசைகளில் இருந்தவர்களைத் தெற்கே கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியபோது இதைத்தான் எல்லோரும் சொன்னார்கள். அது அரசு உத்தரவு போட்டு நடந்தது, அதனால் கேள்வி கேட்க ஒரு ஆபீஸாவது இருந்தது. இப்போது ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு குடித்தனமாக, சத்தமில்லாமல் நடப்பதை யாரிடம் போய்க் கேட்பது?

அரசு குடியிருப்புகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். பழைய ஹவுசிங் போர்டு வீடுகள் என்று நாம் சொல்கிற, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் கட்டடங்கள் பல இடங்களில் சிதைந்துவிட்டன. 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடு இருந்த ஒரு பிளாக் பட்டப்பகலில் இடிந்து விழுந்தது, விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால் உயிர் தப்பினார்கள். அதற்குப் பிறகு பழைய பிளாக்குகளை இடித்துக் கட்டும் வேலை வேகம் பிடித்தது. அங்கே விதி என்னவென்றால், யார் இருந்தார்களோ அவர்களுக்கே திரும்ப வீடு, கட்டி முடிக்கும் வரை வெளியே வாடகைக்கு இருக்க 24,000 ரூபாய் கருணைத் தொகை. இந்தத் தொகை போதவே போதாது, கட்டுகிற காலத்துக்கு வகுத்துப் பார்த்தால் மாத வாடகையில் கால் பங்குகூட வராது, வேலையும் சொன்ன தேதிக்கு முடிவதில்லை. ஆனாலும் திரும்பி வரலாம் என்று ஒரு காகிதத்தில் அவர்கள் பெயர் இருக்கிறது. தனியார் மனையில் வாடகைக்கு இருக்கிறவருக்கு அது இல்லை. வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யவேண்டும் என்ற சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்துவிட்டது, ஸ்டோர் வீடுகளில் நான் கேட்டுப் பார்த்தவரை ஒருவரிடமும் அப்படி ஒன்று இல்லை. நேயர்களில் யாராவது இப்படி வாடகைக்கோ லீசுக்கோ இருந்தால், இந்த வாரமே எழுதி வாங்குங்கள், கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

வீடு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்திரத்தில் யுடிஎஸ், பிரிக்கப்படாத நிலப் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். மேலே சொன்ன ஆறு வீட்டில் ஒரு வீட்டுக்கு 400 சதுர அடி நிலம் வரவேண்டும். டைல்ஸ், மாடுலர் கிச்சன் எல்லாம் இருபது வருடத்தில் பழசாகிவிடும், கடைசியில் உங்களுக்கு மிஞ்சுவது அந்த நிலம்தான். அப்புறம் இன்னொன்று, நிலம் 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ வீடுகள் எட்டுக்கு மேல் போகாவிட்டாலோ ரேரா, அதாவது வீடு வாங்குகிறவர்களைப் பாதுகாக்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு தேவையில்லை. எங்கள் பேட்டையில் இரண்டு கிரவுண்டு மனைகூட 500 சதுர மீட்டரை எட்டாது. அதனால் இங்கே எழும்புகிற பெரும்பாலான கட்டடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, நீங்களேதான் விழிப்பாக இருக்கவேண்டும்.

காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும், பிளான் போடுகிறவனுக்கு அதில் வருத்தம் அதிகம். ஜார்ஜ் டவுன் போன்ற பழைய பகுதிகளில் பக்கத்துச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்ட விதி இடம் கொடுக்கிறது, ஏனென்றால் அங்கே மனைகள் அப்படித்தான், அகலம் குறைவு, நீளம் அதிகம். பழைய வீட்டுக்காரர்களும் ஒட்டித்தான் கட்டினார்கள், ஆனால் நடுவில் முற்றம் விட்டார்கள், வெளிச்சமும் காற்றும் மழையும் அதன் வழியாக இறங்கின, மழைத் தண்ணீர் மண்ணுக்குப் போனது. இப்போது முற்றம் விடுங்கள் என்று நான் சொன்னால், அந்த இடத்துக்குச் சதுர அடி விலை என்ன தெரியுமா என்று கேட்கிறார்கள். நடு அறையில் பகல் பன்னிரண்டு மணிக்கு டியூப்லைட் எரிகிறது. கீழே சிமெண்டு, பக்கத்தில் சுவர், ஒரு மணி நேர மழைக்கு தெரு நிறைந்துவிடுகிறது. தெருவில் இருக்கிற கழிவுநீர்க் குழாய் பழைய கணக்கில் போட்டது, முன்பு 11 குடித்தனம் குடத்தில் பிடித்துச் செலவழித்த தண்ணீரைவிட இப்போது ஆறு வீட்டு ஷவரும் வாஷிங் மெஷினும் அதிகம் செலவழிக்கின்றன. மேன்ஹோல் பொங்கினால் வந்து நிற்பது லிஃப்ட் இருக்கும் வீட்டின் முன்னால் இல்லை, தெருக்கோடியில் தாழ்வாக இருக்கும் ஓட்டு வீட்டுக்குள்.

போன வருடம் ராயபுரத்தில் ஒரு அம்மா வந்தார்கள், கணவர் இல்லை, ஒரு கிரவுண்டு மனை, உள்ளே ஏழு குடித்தனம். பில்டர் கொண்டுவந்த பிளானில் வழக்கம்போல ஆறு வீடு. இவங்களையெல்லாம் எப்படிப்பா போகச் சொல்றது, முப்பது வருஷமா இருக்காங்க என்று கேட்டார்கள். நான் இரண்டு நாள் உட்கார்ந்து வேறொரு பிளான் வரைந்தேன். 800 சதுர அடியில் நான்கு வீடு, 400 சதுர அடியில் நான்கு வீடு. பில்டருக்கு 800இல் மூன்று, அவர் பங்கு 2,400 சரியாக வந்துவிட்டது. அம்மாவுக்கு 800இல் ஒன்று, சின்ன வீடு நான்கும் அவர்களுக்கே. பில்டர் பிளான்படி கிடைக்கிற மூன்று பெரிய வீட்டில் ஒன்றில் அவர்கள் இருந்துகொண்டு மற்ற இரண்டையும் 14,000 வாடகைக்கு விட்டால் சேர்த்து 28,000 வரும், என் பிளான்படி பெரிய வீட்டில் இருந்துகொண்டு சின்ன வீடு நான்கையும் ஆளுக்கு 8,000 என்று விட்டால் 32,000. பில்டர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, இரண்டு சமையலறை இரண்டு பாத்ரூம் கூடுதல், கட்டுமானச் செலவு ஏறும் என்றார், அது உண்மைதான். அந்தக் கூடுதல் செலவை அம்மா தன் நகையை வைத்துக் கொடுப்பதாகச் சொன்ன பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஏழில் நான்கு குடித்தனத்துக்கு, கட்டி முடித்ததும் இன்ன வாடகைக்குத் திரும்ப வரலாம் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தார்கள். நான் இத்தனை வருடத்தில் பார்த்த முதல் காகிதம் அது. மற்ற மூன்று பேருக்கு இடம் வரவில்லை, எப்படி வரைந்தாலும் வரவில்லை. அதில் ஒருவர் பழைய மூட்டை தூக்கும் தொழிலாளி, வயது எழுபதுக்கு மேல், என் கையைப் பிடித்துக்கொண்டு, பரவாயில்ல தம்பி, நாலு பேராவது இருக்காங்களே என்றார். அவர் இப்போது எண்ணூர் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார்.

கட்டடம் இரண்டாவது மாடி வரை எழும்பியிருக்கிறது. போன வாரம் கான்கிரீட்டுக்கு அடிக்கிற சென்ட்ரிங் பலகையைப் பார்க்கப் போனபோது அந்த நான்கு குடித்தனத்தில் ஒரு பெண் பள்ளிக்கூடப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்து கீழே நின்று, எங்க வீடு எதுண்ணா என்று கேட்டாள். காட்டினேன். நன்றி, வணக்கம்.