கணக்கில் ஏறாத பிளாக்குகள்

நேயர்களுக்கு வணக்கம்.

கூடைப்பந்து பிடித்த நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் அந்தப் பேச்சு வந்துவிடும்: எல்லாக் காலத்துக்கும் சிறந்த வீரர் யார்? ஜோர்டன், லெப்ரான், கரீம் என்று பெயர்கள் வரிசையாக விழும். நான் பில் ரஸ்ஸல் பெயரை எடுத்தால், "அவர் அந்தக் காலத்து ஆளாச்சே" என்பார்கள். 2022 ஜூலையில், 88 வயதில் அவர் மறைந்தபோது எல்லோரும் உருகிப் பேசினார்கள். வரிசை போடும்போது மட்டும் எட்டாவது, ஒன்பதாவது என்று கீழே இறக்கிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு அவர் ஆடியது 13 சீசன். அதில் 11 முறை சாம்பியன். 1959 முதல் 1966 வரை இடைவெளியே இல்லாமல் எட்டு. இதைச் சொன்னதும் இரண்டு மறுப்புகள் வரும்.

முதலாவது, அவர் வந்தபோது அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் இருந்தவை எட்டே அணிகள். உண்மைதான். இன்று கோப்பைக்குப் போகும் பாதை அதைவிட நீளம். அதனால்தான் 11 என்ற எண்ணை மட்டும் வைத்து நான் வாதாட வரவில்லை.

இரண்டாவது, கூட ஆடியவர்கள் எல்லாம் பெரிய ஆட்டக்காரர்கள் என்பது. இதைத்தான் நான் ஏற்க மாட்டேன். பாப் கூசி, பில் ஷார்மன் இருவரும் ரஸ்ஸலுக்கு முன்பே அந்த அணியில் இருந்தவர்கள். அவர் வரும்வரை செல்டிக்ஸ் ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை. 1963இல் கூசி ஓய்வு பெற்றார்; கோப்பைகள் நிற்கவில்லை. 1969இல் ரஸ்ஸல் போனார். அடுத்த சீசனில் அதே செல்டிக்ஸ் 34 வெற்றி, 48 தோல்வி என்று சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. யாரை எடுத்தால் கட்டடம் சரிகிறதோ அவர்தானே அதன் தூண்?

அப்புறம் வில்ட் சேம்பர்லின், ரஸ்ஸல் காலத்தில் எதிரணியில் ஆடியவர். புள்ளிவிவரம் பார்ப்பவர்கள் அவரைத்தான் மேலே வைப்பார்கள். 1961-62 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளிகள், ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள். நினைத்துப் பார்க்கவே மலைப்பாக இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருது ரஸ்ஸலுக்குத்தான் போனது. அன்று ஓட்டுப் போட்டவர்கள் சக வீரர்கள், களத்தில் இருவரையும் எதிர்கொண்டவர்கள். பிளேஆஃப் தொடர்களில் இருவரும் எட்டு முறை மோதினார்கள். ஏழில் ரஸ்ஸலின் அணியே வென்றது.

அப்படி என்னதான் செய்தார்? நானும் கல்லூரி நாட்களில் ரஸ்ஸலைப் போல, கூடைக்கு அருகே நிற்கும் சென்டர் இடத்தில் ஆடியவன். எதிராளி கூடையை நோக்கி எறியும் பந்தைத் தடுப்பதுதான் பிளாக். அதை ஓங்கி அறைந்து வெளியே பறக்கவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் பந்து மறுபடி அவர்களுக்கே போய்விடும். ரஸ்ஸல் அறைய மாட்டார், தட்டுவார். தட்டிய பந்து தன் ஆள் கைக்குப் போகும். அடுத்த சில நொடிகளில் செல்டிக்ஸ் மறுமுனையில் கூடை போட்டிருக்கும். இப்படி எத்தனை பிளாக் செய்தார்? எண்ணிக்கையே இல்லை. என்பிஏ பிளாக்கைக் கணக்கெடுக்கத் தொடங்கியது 1973-74 சீசனில்; அவர் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியிருந்தது. இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும் 1969இல்தான் வந்தது. இன்று அந்த விருது அவர் பெயரில் இருக்கிறது. ஆனால் அவர் ஒரு தடவைகூட அதை வாங்கியதில்லை. அவர் செய்த பெரிய வேலையை எழுதி வைக்க அன்று ஸ்கோர் தாளில் கட்டமே இல்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவருக்கு இடம் ஒதுக்குவது எந்த நியாயம்?

எழுதி வைத்த ஒன்றையும் சொல்கிறேன். 1962 இறுதித் தொடர், லேக்கர்ஸுக்கு எதிராக ஏழாவது ஆட்டம், கூடுதல் நேரம் வரை போனது. ரஸ்ஸல் 30 புள்ளிகள், 40 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). இப்படித் தொடரை முடிவு செய்யும் ஏழாவது ஆட்டத்தில் வாழ்நாளில் பத்து முறை ஆடினார். பத்திலும் வெற்றி.

இதையெல்லாம் எந்த ஊரில் செய்தார் என்பதையும் மறக்கக் கூடாது. பாஸ்டனுக்கு அருகே ரெடிங் என்ற ஊரில் இருந்த அவர் வீட்டுக்குள் புகுந்து பொருள்களை உடைத்தார்கள், சுவரில் இனவெறி வசைகளை எழுதினார்கள். அந்த மக்கள் முன்னால்தான் 1966இல் அவர் செல்டிக்ஸின் கோச் ஆனார். என்பிஏவின் முதல் கறுப்பின தலைமைக் கோச். ஆடிக்கொண்டே அணியை நடத்தி, 1968, 1969 என இரண்டு கோப்பைகளைக் கொண்டுவந்தார். அந்தக் கடைசிக் கோப்பை வந்தபோது வயது 35. 1972இல் அவருடைய 6ஆம் எண் சட்டையை மைதானத்தில் ஏற்றியபோது, ரசிகர்கள் உள்ளே வருவதற்கு முன்பே நடத்தச் சொல்லிவிட்டார். கூட ஆடியவர்கள் மட்டும் போதும் என்றார்.

சரி, என் வரிசையில் அவர் எங்கே? முதலிடம் ஜோர்டனுக்கு. மனசாட்சியோடுதான் சொல்கிறேன். ரஸ்ஸல் புள்ளி குவிப்பவர் இல்லை, ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவிலும் சுமார்தான். ஜோர்டனோ 1988இல் ஒரே சீசனில் அதிகப் புள்ளி எடுத்தவராகவும் சிறந்த தடுப்பாட்டக்காரராகவும் இருந்தார். ஆட்டத்தின் இரண்டு பக்கமும் அவர் கையில் இருந்தது. இரண்டாம் இடம் ரஸ்ஸலுக்கு. லெப்ரானுக்கும் கரீமுக்கும் மேலே, சேம்பர்லினுக்கு நன்றாக மேலே.

நன்றி, வணக்கம்.