எந்தக் கை கொடுத்தால் என்ன?

நடுவர் ஐயாவுக்கும், மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்ட புத்திசாலிகளுக்கும், பிடிக்க முடியாமல் அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

லுத்தரன் சபை இத்தனை காலம் நிலைத்து நிற்பது மாறியதாலா, மாறாததாலா? இதுதான் தலைப்பு. ‘மாறியதால்’ என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் மூன்று அடி அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். மலேசிய ரப்பர் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டியைக் காப்பாற்றியது மாறாத ஞானோபதேசமும் ஞானப்பாட்டும்தான் என்றார். ஒரு கதவைத் திறந்தால் எல்லாக் கதவும் தானாகத் திறந்துகொள்ளும், இன்றைக்குப் பெண் போதகர், நாளைக்கு என்னவோ என்று பயமுறுத்தினார். போகிற போக்கில், நிறுவியவர் சொன்னதைப் பின்வந்தவர்கள் திருத்தலாமா என்றும் கேட்டார்.

முதல் அடிக்கு நான் பாதி தலை வணங்குகிறேன். அதிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், ரப்பர் பால் வெட்டி முடித்து, எழுதப் படிக்கத் தெரியாமலே பத்துக் கட்டளையையும் விசுவாசப் பிரமாணத்தையும் பரமண்டல ஜெபத்தையும் மனப்பாடமாகச் சொன்ன தலைமுறை அது. அந்த மனப்பாடத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்த ஞானோபதேசம் எப்படிப் பிறந்தது என்பதை அண்ணன் சொல்லாமல் விட்டார். 1528-இல் நம் சபையை நிறுவிய ஜெர்மானியர் மார்ட்டின் லுத்தர் சாக்சனி நாட்டுக் கிராமச் சபைகளைப் போய்ப் பார்த்தார். ஜனங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை, சில குருமாருக்கே பரமண்டல ஜெபம் வரவில்லை. திரும்பி வந்தவர் 1529-இல் கேள்வி பதிலாக ஒரு சின்ன நூலைச் செய்தார். முதலில் அது சுவரில் மாட்டும் தாள்களாகத்தான் அச்சாகி வந்தது. கோவிலில் குரு சொல்லிக்கொடுத்ததை வீட்டில் தகப்பன் சொல்லிக்கொடுக்கட்டும் என்று இடத்தையே மாற்றிய நூல் அது. அண்ணன் மாறாததற்குச் சாட்சியாகக் கூட்டி வந்த ஆள் எங்கள் அணிக்காரர், ஐயா.

அந்த நூல் தமிழுக்கு வந்த கதையும் அப்படித்தான். 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரிமார் சீகன்பால்குவும் புளுட்சோவும் இறங்கினார்கள். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அ, ஆ எழுதினார். 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகிவிட்டது. ஜெர்மன் மொழி மாறக் கூடாது என்று அவர் உட்கார்ந்திருந்தால், இங்கே நானும் அண்ணனும் எந்த மொழியில் சண்டை போட்டிருப்போம்?

சரி, எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது? இதற்கு லுத்தரன் சபையிடம் 1530-லிருந்தே ஓர் அளவுகோல் இருக்கிறது. அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, 7-ஆம் பிரிவு. நற்செய்தியைச் சுத்தமாகப் போதிப்பதிலும், சாக்கிரமந்துகளை, அதாவது ஞானஸ்நானத்தையும் அப்பமும் ரசமும் வாங்கும் நற்கருணையையும், சரியாகக் கொடுப்பதிலும் ஒத்துப்போனால் சபையின் ஒற்றுமைக்கு அது போதும். மனிதர் உண்டாக்கிய முறைமைகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. ‘போதும்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் என் வாதம் முழுவதும் இருக்கிறது. இரண்டே கட்டம். இந்தக் கட்டத்தில் இருப்பதில் கை வைக்காதே. அந்தக் கட்டத்தில் இருப்பதை ஜனங்களின் நன்மைக்காகத் தாராளமாக மாற்று. லுத்தரன் சபை சறுக்கிய இடங்களை எடுத்துப் பாருங்கள். மாறியதால் சறுக்கியது குறைவு. பொருளைக் கட்டம் மாற்றி வைத்ததால் சறுக்கியதே அதிகம்.

அவசரமும் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். 1521 கிறிஸ்துமஸில் லுத்தரின் ஊரான விட்டன்பர்க்கில் கார்ல்ஷ்டாட் என்பவர் குருவுடை இல்லாமல் ஆராதனை நடத்தி, ஜனங்களின் கையிலேயே அப்பத்தையும் கிண்ணத்தையும் கொடுத்தார். ஊர் கலங்கிப்போனது. ஒளிந்திருந்த கோட்டையிலிருந்து லுத்தர் ஓடி வந்தார். 1522 மார்ச் 9 முதல் எட்டு நாள் எட்டுப் பிரசங்கம். நீ செய்தது தப்பு என்று அவர் சொல்லவில்லை. சொல்லிக்கொடுக்காமல் செய்தாய், பலவீனமானவனுக்குக் காத்திருக்காமல் செய்தாய் என்றார். குழந்தைக்கு முதலில் பால், பிறகு கஞ்சி, அப்புறம்தான் சோறு. மாற்றத்துக்கு அவர் வேகம்தான் குறித்தார், தடை போடவில்லை.

இப்போது கட்டம் மாறிய கதை. தரங்கம்பாடிச் சபையிலே இராஜநாயக்கன் என்று ஓர் உபதேசியார். முன்பு சிப்பாயாக இருந்தவர், பறையர் சமூகத்தவர், தஞ்சைப் பக்கத்தில் சபைகளை வளர்த்தவர். 1733-இல் ஆரோன் முதல் தமிழ்க் குருவாகப் பட்டம் பெற்றார். அடுத்த பட்டத்துக்கு இராஜநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. மேல்சாதி என்று தங்களை நினைத்துக்கொண்ட சபையார் அவர் கையால் நற்கருணை வாங்க மாட்டார்களே என்று மிஷனரிமார் தயங்கினார்கள். 1741-இல் பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. இராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

அவர் உபதேசத்தில் குறை சொன்னார்களா? இல்லை. நடத்தையில்? இல்லை. கை, ஐயா. கிண்ணத்தைப் பிடிக்கப்போகிற கை.

நூறு வருஷம் கழித்தும் இது தீரவில்லை. 1833-இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். லைப்சிக் லுத்தரன் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல் என்ன சொன்னார் தெரியுமா? சாதி சமூக வழக்கம், பொறுமையாகப் போதித்தால் காலப்போக்கில் தேயும், சட்டம் போட்டு உடைக்க வேண்டாம் என்றார். மேலே சொன்ன அதே 1522 தர்க்கம்தான். ஆனால் எதற்குப் போட்டார்? ஒரே பந்தியில் உட்கார மறுப்பது சடங்கா? அது நற்கருணையையே மறுப்பது. மாற்ற முடியாத கட்டத்தில் வைத்துச் சண்டை போட வேண்டியதை, ‘போனால் போகட்டும்’ கட்டத்தில் வைத்துவிட்டார்கள். பாட்டு மெட்டில் ஒரு சுருதி மாறினால் பதறியவர்கள், கிண்ணத்துக்கு யார் முதலில் வருவது என்ற வரிசையில் பதறவில்லை. கப்பல் ஏறி இந்த நாட்டுக்கு வந்தபோது நாம் என்னென்னவோ விட்டுவிட்டு வந்தோம். அந்த வரிசையை விட்டுவிட்டு வந்தோமா என்பதை அவரவர் வீட்டுக் கல்யாணப் பேச்சில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாடத்தை உலக லுத்தரன் சபைகள் தென்னாப்பிரிக்காவில் படித்தன. 1977-இல் தார் எஸ் சலாமில் லுத்தரன் உலகச் சம்மேளனம் கூடியது. நிறவெறியை ஏற்பதா மறுப்பதா என்பது கருத்து வேறுபாடு இல்லை, விசுவாசத்தையே அறிக்கை செய்யும் காரியம் என்று தீர்மானித்தது. 1984-இல் புடாபெஸ்டில் தென்னாப்பிரிக்கப் பகுதியின் இரண்டு வெள்ளையர் சபைகளின் அங்கத்துவத்தை நிறுத்திவைத்தது. காரணம்: நிறவெறியைப் பகிரங்கமாக மறுத்து, கறுப்பர் சபைகளோடு இருந்த பிரிவினையை முடிக்க அவர்கள் முன்வரவில்லை. தரங்கம்பாடியில் தப்பான கட்டத்தில் கிடந்த பொருள், இருநூறு வருஷத்துக்கு மேல் கழித்து, வேறொரு கண்டத்தில், சரியான கட்டத்துக்கு வந்தது.

அதே புடாபெஸ்டில் இன்னொன்றும் நடந்தது. லுத்தர் யூதர்களுக்கு எதிராக 1543-இல் எழுதிய கொடூரமான எழுத்துகளைப் பாவம் என்றே சம்மேளனம் ஒத்துக்கொண்டது. நிறுவியவரைத் திருத்தலாமா என்று கேட்டாரே அண்ணன், திருத்தினார்கள். சபை விழுந்துவிடவில்லை.

இனி அந்தக் கதவு. ஒன்றைத் திறந்தால் எல்லாம் திறக்கும் என்றாரே! எத்தியோப்பியாவின் மேகானே யேசுஸ் சபையைப் பாருங்கள். உலகத்தின் மிகப் பெரிய லுத்தரன் சபைகளுள் ஒன்று. 1997-இல் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தீர்மானித்தது, 2000-இல் கொடுத்தது. அதே சபைதான் 2013-இல், ஒருபாலினத் திருமண விஷயத்தில் ஒத்துப்போக முடியாது என்று சுவீடன் சபையோடும் அமெரிக்கச் சபையோடும் உறவை முறித்துக்கொண்டது. அந்த முறிவு சரியா தப்பா என்பது இன்றைய தலைப்பில்லை, நான் அதற்குள் போகவில்லை. ஒரு கதவைத் திறந்தார்கள், அடுத்த கதவு தானாகத் திறக்கவில்லை. கதவுக்குக் கீல் இருக்கிறது, கை வைத்தால்தான் திறக்கும். இன்னொரு பக்கம் லாட்வியா. அங்கே பெண்களுக்குப் பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், 1993-இல் நிறுத்தினார்கள், 2016-இல் சட்டத்திலேயே எழுதி அடைத்துவிட்டார்கள். திறந்த கதவு மூடவும் மூடும். டென்மார்க் 1948, நார்வே 1961, போலந்து 2022 என்று ஒவ்வொரு சபையும் அதனதன் வேகத்தில் போயிருக்கிறது.

பெண் கையால் வாங்க ஜனங்கள் தயங்குவார்கள் என்று நம் சபைகளிலும் சொல்கிறார்கள். ஐந்தே வார்த்தை. இராஜநாயக்கனுக்குச் சொன்ன அதே வார்த்தை. இதற்குப் பதில் அவுக்ஸ்பர்க் அறிக்கையின் 8-ஆம் பிரிவில் இருக்கிறது: கொடுக்கிறவர் கெட்டவராக இருந்தாலும் சாக்கிரமந்து கெடாது, ஏனென்றால் அது கிறிஸ்துவின் கட்டளையால் நிற்கிறது. அயோக்கியன் கையில் கெடாத நற்கருணை, அக்கா கையில் கெடுமா?

நம் ஊர்க் காரியத்துக்கு வருகிறேன், நடுவர் மணியைத் தடவிப் பார்க்கிறார். கித்தா என்கிற ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் என்கிற குடியிருப்பு வந்தது. தோட்டத்துச் சிற்றாலயம் பெரும்பாலும் கம்பெனி நிலத்தில், ஒரு துரை வாய்வார்த்தையாகக் கொடுத்த அனுமதியில் எழுந்தது. கிராண்ட், அதாவது நிலப் பத்திரம், கம்பெனி பேரில். விற்பனை பேச்சு அடிபடும்போதே எழுத்தில் மாற்று நிலம் கேட்காமல், புல்டோசர் வந்தபிறகு பாடிக்கொண்டு நின்றால் மாவட்ட அலுவலகத்தில் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. பிறகு கடைவீட்டு மாடியில் வாடகைக்கு ஆராதனை. முட்டி வலிக்கும் பெரியம்மா மாதம் ஒரு தடவை நற்கருணைக்கு மட்டும் படி ஏறுவார். இடம் மாறியது, சபை மாறவில்லை.

அங்கே மொழிச் சண்டை ஆரம்பமாகும். பாட்டிக்குத் தமிழ்தான். தேசியப் பள்ளியில் படித்த பேரனுக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. உடனே திரையில் தமிழை ரோமன் எழுத்தில் போடுகிறார்கள். அவசரமாகத் தட்டச்சு செய்தால் ல, ள, ழ மூன்றும் ஒரே எழுத்தாகிவிடும். ஆட்டுக்குட்டியின் ‘பலி’யும் ‘பழி’யும் திரையில் ஒன்று! பிரசங்கத்தை வரிக்கு வரி மொழிபெயர்த்தால் இருபது நிமிஷம் நாற்பது நிமிஷமாகும். தமிழில் கேட்டவர் இரண்டாவது பாதியில் தூங்குவார், மற்றவர் முதல் பாதியிலேயே தூங்கிவிட்டிருப்பார். பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், நற்கருணை ஏற்படுத்தின வசனம் இவற்றைத் தமிழிலேயே விடுங்கள், பாட்டிக்கு மனப்பாடம், பேரன் கேட்டே பழகுவான். வேதவாசிப்பை இரண்டு மொழியில் வாசியுங்கள். பிரசங்கம் ஒரே மொழியில் போகட்டும், மற்ற மொழியில் ஒரு பக்கச் சுருக்கம் வாசலிலேயே கையில் கொடுத்துவிடுங்கள். ரோமன் எழுத்தை வெள்ளிக்கிழமையே ஒரு பெரியவர் சத்தமாகப் படித்துத் திருத்தட்டும்.

கிண்ணமும் மாறியது. 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. திறந்தபோது பல இடங்களில் ஒரே கிண்ணம் போய், நாற்பது குழி உள்ள தட்டில் சின்னச் சின்னக் கிண்ணம். ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன். சனிக்கிழமை ராத்திரியே ஊற்றி வைத்தால் நம் புழுக்கத்தில் காலைக்குள் எறும்பு மிதக்கும். ஆராதனைக்கு அரைமணி முன்னால் ஊற்றி, துணி போட்டு மூட வேண்டும். மீந்ததைப் புட்டியில் திரும்ப ஊற்றக் கூடாது. அங்கேயே அருந்த வேண்டும், இல்லாவிட்டால் மண்ணில் ஊற்ற வேண்டும். கள்ளுக்கடையை விட்டு மீண்டு வந்த ஒருவருக்கு வாசனையே ஆபத்து. தட்டின் ஓரத்தில் அவருக்கு மட்டும் புளிக்காத ரசம் வைத்தால், ஊரே எட்டிப் பார்க்கும். தட்டு முழுக்க அதையே வைத்துவிட்டால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ‘திராட்சமது’ என்ற கட்டளை என்ன ஆகும் என்று சபைச் சங்கத்தில் ஒரு மாமா எழுந்து நிற்பார். எழுந்து நிற்கட்டும், ஐயா. அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்லிக் கொடுத்துவிட்டு அப்புறம் மாற்றுவதுதான் 1522.

மணி அடித்துவிட்டது. அடுத்துப் பேச வரும் எதிரணி அக்காவுக்கு ஒரே ஒரு கேள்வியை விட்டுப் போகிறேன். இராஜநாயக்கனுக்கு 1741-இல் பட்டம் கொடுத்திருக்க வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றால் அக்கா எங்கள் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். வேண்டாம் என்றால், அதை இந்த மண்டபத்தில், இந்த ஒலிபெருக்கியில், ஒரு தடவை சத்தமாகச் சொல்லட்டும். வணக்கம்.