12 போர் (bore) பெரிதா, 20 போர் பெரிதா?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “12 போர் துப்பாக்கியின் குழல் 20 போரைவிட அகலமாக இருக்கிறதே, எப்படி? எண் கூடினால் குழலும் பெரிதாகத்தானே வேண்டும்? .410 துப்பாக்கி என்கிறார்களே, அது எந்தக் கணக்கு?” இங்கே போர் என்றால் சண்டை அல்ல, ஷாட்கன் எனும் வேட்டைத் துப்பாக்கியின் குழல் அளவைச் சொல்லும் எண். இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தேன்.

பீரங்கியில் 12 பவுண்டர் என்றால் அது சுடும் குண்டின் எடை 12 ராத்தல் (பவுண்டு). இங்கே கணக்கு தலைகீழ். ஒரு ராத்தல் ஈயத்தை, அதாவது சுமார் 454 கிராமை, 12 சம உருண்டைகளாக ஆக்குங்கள். அதில் ஓர் உருண்டை எவ்வளவு அகலமோ அதுதான் 12 போர் குழலின் உள்விட்டம், ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். அதே ஈயத்தை 20 ஆகப் பிரித்தால் உருண்டை சிறுத்துவிடும், குழலும் 15.6 மில்லிமீட்டர் ஆகிவிடும். நுவரெலியாவில் குடியேறி யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கரிடம் 4 போர் துப்பாக்கி இருந்தது. அந்த அளவுக்கு ஓர் உருண்டை கால் ராத்தல்! தோளில் வைத்துச் சுட்டிருக்கிறார், மலைப்பாக இருக்கிறது.

சரி, இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. 20 போர் தோட்டாவைத் தவறி 12 போர் துப்பாக்கியில் போட்டால் என்ன ஆகும்? முன்பும் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன். அதன் அடிவிளிம்பு சின்னது. பின்னால் நிற்காமல் உள்ளே சறுக்கி, குழல் குறுகும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். விசையை இழுத்தால் ‘டிக்’ என்று சத்தம் மட்டும் வரும். திறந்து பார்த்தால் காலியாக இருப்பதுபோலத் தெரியும். தோட்டா போடவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்து 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், முன்னால் அடைத்துக்கொண்டிருப்பதில் மோதிக் குழல் வெடிக்கும். வெடிப்பது குழலைத் தாங்கிப் பிடித்திருக்கும் கைக்குப் பக்கத்தில். இதற்காகத்தான் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். இரண்டையும் ஒரே பையில் போடவே போடாதீர்கள்.

12 போர் தோட்டாக்களுக்குள்ளேயே 70, 76 மில்லிமீட்டர் என்று நீளம் வேறுபடும். அந்த நீளம் சுட்ட பிறகு, தோட்டாவின் முன்முனையை மூடியிருக்கும் வாய் மடிப்பு விரிந்த நிலையில் அளப்பது. அதனால் சுடாத 76 தோட்டா, 70 தோட்டாவுக்கான அறைக்குள் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) சுலபமாகப் போய்விடும். சுட்டதும் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். உள்ளே போய்விட்டதே என்று நம்பாதீர்கள். குழலில் பொறித்திருக்கும் அளவையும் தோட்டாவில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரைஃபிளிலும் இப்படித்தான். ஏகே 47 தோட்டாவும் 7.62 மில்லிமீட்டர், பழைய நேட்டோ ரைஃபிள் தோட்டாவும் 7.62 மில்லிமீட்டர். ஆனால் ஒன்றின் உறை 39 மில்லிமீட்டர் நீளம், மற்றதன் உறை 51. ஒன்றுக்கு மற்றது ஆகாது.

அப்புறம் அந்த .410. அதில் உருண்டைக் கணக்கே கிடையாது, நேரடியாக அங்குல அளவு. 10.4 மில்லிமீட்டர் வரும். போர் கணக்கில் சொன்னால் 67-ஐ ஒட்டி வரும்.