மூன்று கார்டும் ஒரு விரலும்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

1978-ஆம் ஆண்டு இருபது வயது ஆங்கிலேயப் பாடகர் கேரி நியூமன், தன் டியூப்வே ஆர்மி குழுவோடு கேம்பிரிட்ஜில் உள்ள ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார். பதிவு செய்ய வேண்டியது பங்க் ராக். 1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய முரட்டு இசை அது. கிதாரில் மூன்று கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரக்கூட்டு, தெரிந்தால் மேடை ஏறலாம் என்பது அதன் துணிச்சல். குருவின் முன் கைகட்டி நின்று பாடம் கேட்ட நமக்கு இது அதிகப்பிரசங்கித்தனமாகப் படலாம். எனக்குப் பிடித்திருக்கிறது.

கூடத்தில் யாரோ விட்டுச்சென்ற மினிமூக் சிந்தசைசர் ஒன்று இருந்தது. மின்சாரத்தில் ஒலியை உண்டாக்கும் கட்டைக் கருவி அது. நியூமன் ஒரு கட்டையை அழுத்தினார். முன்பு வாசித்தவர் திருகுகளை எப்படி விட்டுப்போனாரோ, அதன் தயவில் தரை அதிரும் சத்தம் எழுந்தது. திருகுகள் வேறு நிலையில் இருந்திருந்தால் மெல்லிய சிணுங்கல்தான் கேட்டிருக்கும். அவரும் கிதாரோடு நின்றிருப்பார். கையிலிருந்த பங்க் பாட்டுகளை அந்தச் சத்தத்துக்கு மாற்றினார். பங்க் இசைத்தட்டை எதிர்பார்த்த நிறுவனத்தாருக்கு முதலில் அது பிடிக்கவில்லை. ஆனால் 1979-இல் அவருடைய இரண்டு பாட்டுகள் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. முதலாவது குழுவின் பெயரில் வந்தது. இரண்டாவது அவர் பெயரில் மட்டும்.

மினிமூக் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் ஒலிக்கும், நம் நாகஸ்வரத்தைப் போல. மூன்று கார்டுகூட வேண்டாம், ஒரு விரல் போதும். அதே 1978-இல் டேனியல் மில்லர் என்ற இன்னொரு ஆங்கிலேயர் பழைய கோர்க் சிந்தசைசரை வாங்கி, வீட்டிலேயே தனியாளாக ஓர் இசைத்தட்டை உருவாக்கி வெளியிட்டார். மியூட் என்ற இசைத்தட்டு நிறுவனம் அப்படித்தான் பிறந்தது.

பிழைப்பு போய்விடும் என்று பயந்தவர்களும் உண்டு. 1982-இல் பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசருக்குத் தடை கோரித் தீர்மானம் போட்டது. அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. நம் நாகஸ்வரக்காரருக்குப் பின்னால் ஒத்து ஊதுபவர் ஒருவர் நிற்பார். கன்னம் உப்ப, இழை அறாமல், ஒரே சுருதியை மணிக்கணக்கில் பிடித்திருப்பார். கைதட்டல் என்னவோ முன்னால் நிற்பவருக்குத்தான். ஒத்து ஊதியவர் இடத்தில் இன்று எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி இருக்கிறது. அழகர்கோவில், மேலூர்ப் பக்கத் திருவிழா மேடைகளில் தபேலாவும் டோலக்கும், தட்டினால் தாள ஒலி தரும் ரிதம் பேடுக்குள் புகுந்துவிட்டன. நானும் கீபோர்டு வாசிப்பவன்தான். அவர்கள் இழந்த கூலியில் என் பங்கும் உண்டு.

என் மனக்குறை வேறு. நியூமன் அந்தக் கருவியைக் கிதாரின் நகலாக்கவில்லை. நாமோ கீபோர்டில் வயலினைத் தேடுகிறோம், நாகஸ்வரத்தைத் தேடுகிறோம்; ஆள் கூலியை மிச்சப்படுத்தத்தான் பெட்டி என்று ஆக்கிவிட்டோம். மாசி வீதி மொட்டைமாடிகளில் லேப்டாப்போடு தனியாக உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உறுமிச் சத்தம் வேண்டுமென்றால் உறுமி வாசிப்பவரைக் கூப்பிடுங்கள், சம்பளம் கொடுங்கள். பெட்டியில், வேறெந்த வாத்தியமும் தராத சத்தத்தைத் தேடுங்கள். அது கரடுமுரடாக இருந்தால் இருக்கட்டும்.

வணக்கம்.