செல்லோவுக்கு வழிவிடும் இசைக்குழு

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சாயங்கால நெரிசலைத் தாண்டி, ஒரு மேற்கத்திய இசைப்பதிவைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்து இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர், வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோவுக்கும் முழு இசைக்குழுவுக்குமாக எழுதிய இ மைனர் கான்செர்ட்டோ, அதாவது தனி வாத்தியம் முன்னால் நிற்க இசைக்குழு கூட வாசிக்கும் படைப்பு. ஜாக்குலின் டு ப்ரே வாசிக்க, ஜான் பார்பிரோலி லண்டன் சிம்பொனி இசைக்குழுவை நடத்த, 1965 ஆகஸ்டில் லண்டன் கிங்ஸ்வே ஹாலில் பதிவானது.

இதைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் டு ப்ரேயின் வாழ்க்கைக் கதைதான் முதலில் வரும். 1973-ல் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்ற நரம்பு நோய் என்று தெரிந்தது, 1987-ல் 42 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்கவே நெஞ்சு கனக்கிறது. ஆனால் இந்தப் பதிவில் வாசிப்பது 20 வயதுப் பெண், கையில் முழு பலத்தோடு, பயம் என்றால் என்னவென்றே தெரியாத வயதில். பின்னால் வந்த சோகத்தை இதற்குள் ஊற்றிக் கேட்டால் அந்தத் துணிச்சல் நம் காதில் விழாமலே போய்விடும். அதோடு, அவரைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற இசைக்குழுவையும் நாம் மறந்துவிடுகிறோம். என் கணக்கில் இந்தப் பதிவின் பாதிப் பெருமை அவர்களுக்குத்தான்.

செல்லோவுக்கு நான்கு தந்தி, அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே நம் ச-ப இடைவெளி. அது பேசுகிற இடம் பெரும்பாலும் ஆண் குரலின் இடம். அதே இடத்தில்தான் வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா, ஊதுவாத்தியங்களான ஹார்ன், பஸூன் எல்லாம் கூடி நிற்கின்றன. வயலினாவது மேலே பறந்து தப்பித்துவிடும், செல்லோ கூட்டத்துக்கு நடுவிலேயே மாட்டிக்கொள்ளும். நம் கச்சேரியில் பாடகர் மந்திர ஸ்தாயிக்கு இறங்கும்போது நல்ல மிருதங்கக்காரர் தானாகவே கையைத் தாழ்த்துவார் இல்லையா, அந்தப் பண்பை எல்கர் எழுத்திலேயே வைத்துவிட்டார். பெரிய இசைக்குழுதான், ஆனால் செல்லோ வாய்திறந்தால் முக்கால்வாசிப் பேர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

முதல் பகுதியில், செல்லோவின் அந்தத் தொடக்க முழக்கம் அடங்கியதும், துணை எதுவுமே இல்லாமல் வியோலாக்கள் மட்டும் மெல்ல ஒரு மெட்டை எடுத்து வரும். அங்கே பார்பிரோலி கொஞ்சம்கூட அவசரப்படவில்லை. அப்புறம் டு ப்ரே அந்த மெட்டை வாங்கி, போகப் போக வளர்த்து, உச்சி வரைக்கும் ஒரே ஏற்றமாக ஏறுவார், அவர் உச்சியைத் தொட்டதும் மொத்த இசைக்குழுவும் அந்த மெட்டைக் கையில் எடுத்துக்கொள்ளும். பல பதிவுகளில் அங்கே ஒட்டுப்போட்ட இடம் தெரியும். இதில் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் பகுதி துள்ளல். அதை விட்டுவிடலாம். மூன்றாம் பகுதிக்கு வாருங்கள், மொத்தமே 60 அளவுகள்தான், அதாவது 60 தாளக் கட்டங்கள், அதில் ஒரே ஒரு அளவைத் தவிர எல்லாவற்றிலும் செல்லோ வாசித்துக்கொண்டே இருக்கும். மூச்சு வாங்க இடமே கிடையாது. டு ப்ரே ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் விதம் ஜாருவைக் கேட்டுப் பழகிய நம் காதுக்கு உடனே புரியும், விளக்கமே வேண்டாம். ஆனால் அவர் ஒரு சுரத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தங்கினால் கீழே இருக்கிற தந்திவாத்தியங்களும் தங்குகின்றன, அவர் நகர்ந்தால் அவையும் நகர்கின்றன. தாளம் போட்டுக்கொண்டு பின்னால் ஓடி வருகிற சத்தமே இல்லை.

இது எப்படி வந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பார்பிரோலியே செல்லோக்காரர். 1919 அக்டோபர் 27-ல் இந்தப் படைப்பு முதன்முதலாக அரங்கேறியபோது, இதே லண்டன் சிம்பொனியின் செல்லோ வரிசையில் 19 வயதுப் பையனாக அவர் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஒத்திகைக்குப் போதுமான நேரம் கிடைக்காமல் அரங்கேற்றம் சொதப்பியது, ஊரெல்லாம் அதே பேச்சு. அந்தச் சங்கடத்தை உள்ளே இருந்து பார்த்த மனிதர் 46 வருஷம் கழித்து இந்தப் பதிவை நடத்துகிறார்.

சரி, குறை? பதிவில் செல்லோ ரொம்பப் பக்கத்தில் ஒலிக்கிறது. நம் கேஎல்சிசி டேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் அரங்கில் செல்லோ கான்செர்ட்டோ கேட்டவர்களுக்குத் தெரியும், நேரில் அந்த வாத்தியம் இவ்வளவு பெரிதாக ஒலிக்காது, நாம்தான் காதைக் கொண்டுபோய் அதனிடம் கொடுக்க வேண்டும். அப்புறம், கிங்ஸ்வே ஹாலுக்குக் கீழே பாதாள ரயில் ஓடியது, அங்கே எடுத்த பல பதிவுகளில் அந்த உறுமலும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது. கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிக் குடியிருக்கிற நமக்கு அதெல்லாம் பெரிய தொந்தரவாகப் படாது.

பெரிய குறை கடைசிப் பகுதியில்தான். முடிவுக்கு முன்னால் மூன்றாம் பகுதியின் நினைவு திரும்பி வரும் இடத்தை டு ப்ரே அவ்வளவு இழுக்கிறார், இசை கிட்டத்தட்ட நின்றே போகிறது. எல்கர் தானே நடத்தி, பியாட்ரிஸ் ஹாரிசன் வாசித்த 1928-ஆம் ஆண்டுப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். பழைய ஒலி, ஆனால் நடை சுறுசுறுப்பு, அழுகையும் குறைவு, அந்த இடம் கடந்து போகும்போதுதான் அதிகமாக வலிக்கிறது. மூன்றாம் பகுதிக்கு நான் டு ப்ரேயிடம் போவேன், கடைசிப் பகுதிக்கு ஹாரிசனிடம்.